தடுத்தருளிய திருக்கை



மக்கட் பிறவி கிடைத்தற்கரியது என்பது நம் சித்தாந்த சாத்திரங்கள் ஒருமுகமாக வற்புறுத்தும் உண்மையாம். அநாதியே ஆணவ இருளில் அழுந்திக் கிடந்த உயிர்க்கு, இறைவன் தன் பெருங்கருணை ஒன்றே காரணமாகத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் மாயையினின்றும் தோற்றுவித்து அளித்தான். இருளிற் கிடப்பார்க்கு விடியுமளவும் விளக்கு உதவுமாறு, ஞானம் உதிக்குமளவும் இவ்வுடம்பு உயிர்க்கு உதவுகின்றது. ஆகலின் உடம்பு பகையன்று. அருளின் முதற்கொடை அதுவே என்க. இவ்வுண்மையை நாம் நாடோறும் ஓதுகின்றோம், மடங்களிற் பாடம் சொல்லுகின்றோம், மாநாடுகளில் விரித்துரைக்கின்றோம். அங்ஙனமாயின், இவ்வருங்கொடையைத் தம் கையாலேயே துறந்துவிட எண்ணும் இளைஞர் நம் தெருவிலேயே இருக்குங்கால், நம் கடமை யாது என்பதை ஆராய்தல் இன்றியமையாததன்றோ?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தார் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ம் ஆண்டில் இந்திய நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் மாண்டனர். அவருள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மாணவராயினார் தொகை நாடு முழுமைக்கும் 13,044. அஃதாவது நாளொன்றுக்கு 35 மாணவர்க்குக் குறையாது. இவ்வெண்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு தாயும், ஒரு தந்தையும், உடன்பிறந்தாரும், அறைத்தோழரும் உளர். குடும்பத்துச் சிக்கலும் நோயும் காரணங்களுள் முன்னிற்பனவாக அக்கணக்குக் கூறும். எனினும், ஓருயிர் அம்முடிவுக்கு வருதற்குக் காரணம் ஒன்றேயென வரையறுத்தல் பெரும்பாலும் பொருந்தாது; பல துயர்கள் ஒருங்கு திரண்டு, மனநோயும் உடன்சேர, வேறு வழி இல்லை என்னும் மயக்கம் ஒரு பொழுதில் மூடிக்கொள்ளுகின்றது. அம்மயக்கம் நிலையானதன்று, வந்தவாறே நீங்குவது. நீங்குமளவும் ஒருவர் உடனிருப்பரேல் உயிர் தப்பும். இதுவே மருத்துவ நூலார் கண்ட பேருண்மை.

தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரையும் எடுத்துக்கொள்வோம். 1937-ம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1949-ல் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. இன்று தாம்பரத்தினின்றும் வண்டலூர் வழியே செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் கல்லூரிகளும், பயிற்சி நிலையங்களும், மாணவர் விடுதிகளும் மலிந்துள. தென்பாண்டி நாட்டினின்றும் கொங்கினின்றும் வேற்று மாநிலங்களினின்றும் பதினேழு பதினெட்டு வயதினர் ஈண்டு வந்து, பெயரறியாத தெருவில், முகமறியாத அயலாரிடையே வாழ்கின்றனர். தேர்வு, கடன், காதல், வேலையின்மை, பெற்றோர் வைத்த பெருநம்பிக்கை ஆகிய இவையெல்லாம் அவர் நெஞ்சில் ஏறியிருப்ப, மின்சார வண்டியின் நெரிசலில் எவரும் அவர் முகத்தை நோக்குவாரில்லை.

இப்பகுதி சைவர்க்குப் புதிய நிலமன்று. திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூர் இதற்கு அணித்தே உளது. மறைமலையடிகள் 1911-ம் ஆண்டு தொடங்கித் தம் வாழ்நாளின் இறுதிகாறும் உறைந்தது பல்லாவரத்திலேயே. மக்கள் நூறாண்டு உயிர்வாழ்தல் யாங்ஙனம் என்பது பற்றி ஒரு தனிநூலே அப்பெரியார் எழுதினார். திரிசூலத்திலும், மாடம்பாக்கத்திலும், திருவான்மியூரிலும் பழம்பெருஞ் சிவாலயங்கள் விளங்குகின்றன. ஆதலின், இந்நிலத்து இளைஞரின் உயிர் காத்தல் பிறர் கடமை என்று நாம் ஒதுங்குதற்கு இடமில்லை.

இனிச் சேக்கிழார் வாக்கையே துணையாகக் கொண்டு இதனை ஆராய்வாம்.

திருவாமூரில் தோன்றிய திலகவதியார்க்கு, கலிப்பகையாரை மணம் பேசினர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் போர்மேற் சென்றார். அவ்விடைக்காலத்தே தந்தையார் புகழனார் மறைந்தார். தாயார் மாதினியாரும் உடன் மறைந்தார். பின்னர்ப் போர்க்களத்தில் கலிப்பகையார் பட்டார் என்னும் செய்தியும் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இழப்புக்கள். இளநங்கையாகிய திலகவதியார் தாமும் உயிர் துறக்கத் துணிந்தார். அப்பொழுது தம்பியாராகிய மருணீக்கியார், சிறு பிள்ளை, தமக்கையார் திருவடியில் வீழ்ந்து புலம்பித் தந்தையும் தாயும் போன பின்னும் தமக்கையார் ஒருவரைக் கண்டே தாம் உயிர் தாங்கியிருத்தலை எடுத்துரைத்தார். தம்பியார் உலகில் இருத்தல் வேண்டும் என்னும் தயை திலகவதியாரின் உயிரைத் தாங்கிற்று. அவர் இருந்தார், தவம் புரிந்தார், திருவதிகையில் திருத்தொண்டு செய்தார்.

இதில் உற்றுநோக்கத் தக்கன சில உள. அச்சிறுவர் தமக்கையாரின் துணிவை அறிந்தார். அறிந்ததை மறைத்து அயலே போகாது நேரே சென்றார். சாத்திரம் எடுத்துக்காட்டி வாதிட்டாரல்லர். நரகத்தைச் சொல்லி அச்சுறுத்தினாரல்லர். துயரத்தைச் சிறிதென்று இகழ்ந்தாருமல்லர். 'நும் உயிர் எனக்கு வேண்டும்' என்பது ஒன்றனையே தெரிவித்தார். பின்னர் அகலாது உடனிருந்தார். பெரிய நூலறிவும் மருத்துவப் பயிற்சியும் இல்லாத ஒரு பிள்ளையால் இயன்ற இத்தொண்டு நம்மனோரால் இயலாததோ?

அதன் பயன் எத்துணைப் பெரிது என்று காண்மின். ஆண்டுகள் பல கழிந்து, அம்மருணீக்கியார் சமணம் புகுந்து தருமசேனராய், சூலை நோயால் வருந்தித் தமக்கையார்பால் மீண்டு வந்து வீழ்ந்தபொழுது, அவரை எடுத்துத் திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றவர் அத்திலகவதியாரே. பிரிந்து போனமை குறித்துக் கடிந்துரைத்தார் என்று சேக்கிழார் பாடிற்றிலர். அன்று தமக்கையார் உயிர் துறந்திருப்பரேல், நாவுக்கரசரை மீட்கும் கை யாதாயிருக்கும்? தேவாரத்துள் மூன்று திருமுறை ஒருத்தி உயிரோடு இருந்தமையால் நமக்குக் கிடைத்தன என்றல் மிகையாகாது.

அற்றேல், 'நாயன்மாருள் சிலர் தம் உயிரைத் தாமே போக்கத் துணிந்தாராகப் புராணம் கூறுமன்றோ? அரிவாட்டாயரும் திருக்குறிப்புத் தொண்டரும் கலியரும் அங்ஙனம் துணிந்திலரோ? அச்செயலை நாம் போற்றுகின்றோமே?' என்று ஒருவர் வினவலாம். இவ்வினாவைத் தட்டிக் கழித்தல் தகாது. விடை இரு வகைத்து.

அவர் செயல் வாழ்வை வெறுத்த மனமுறிவின் பாற்பட்டதன்று. ஏற்ற திருத்தொண்டு முட்டுப்பட்டவிடத்து அதன் மேலெழுந்த ஆராமையின் பாற்பட்டது. இது முதல் விடை. இதனினும் சிறந்தது மற்றொன்று. அவ்விடங்களிலெல்லாம் இறைவன் செய்தது யாது? அரிவாட்டாயரின் கையைப் பற்றியது இறைவன் திருக்கை. காஞ்சியில் மழையால் அன்பரின் ஆடை உலராமை கண்டு கற்பாறையில் தலையை மோதப் புகுந்த திருக்குறிப்புத் தொண்டரைப் பிடித்ததும் இறைவன் திருக்கை. கலியநாயனார் கையைப் பற்றியதும் அத்திருக்கையே. அன்பின் பெருக்கால் எழுந்த துணிவையும் இறைவன் நிறைவேற விட்டானல்லன், தடுத்தான். அன்பால் எழுந்ததையே தடுத்தவன், துன்பத்தால் எழுந்ததை விரும்புவான் என்று எவரே துணிந்து கூறுவர்? ஏயர்கோன் கலிக்காமர் வரலாற்றில், தம் பொருட்டு அவர் மாண்டமை கண்டு சுந்தரர் வாளைப் பற்றியபொழுது, இறைவனருளால் உயிர் பெற்றெழுந்த கலிக்காமரே விரைந்து அவ்வாளைப் பிடித்துக்கொண்டார், பகைவராயிருந்தோர் நண்பராயினர். ஆண்டு இறைவனது திருக்கை அடியவர் கையாகவே வந்தது.

ஈண்டுச் சிவஞான போதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தை நினைமின். அடியார் திருவேடமும் ஆலயமும் அரனெனவே தொழத்தக்கன என்பது அதன் கருத்து. அடியார் வேடம் சிவமேயாயின், அடியார் கையும் சிவன் கையேயாதல் வேண்டும். அரிவாட்டாயரைத் தடுத்த கை இன்று தாம்பரத்து விடுதி அறைக்கு வருமாயின், அது வானத்தினின்று வாராது. திருநீறணிந்த நம் கையாகவே வருதல் வேண்டும். நாம் நீட்டாவிடின் அந்தத் திருக்கை ஆண்டு நீளுதற்கு யாம் இடையூறாயினோம் என்பதே பெறப்படும்.

இனி, மற்றொரு தடை. 'எல்லாம் வினைப்பயன், பிராரத்தம் நுகர்ந்தே கழிதல் வேண்டும், இடையே நாம் செய்யக் கிடந்தது யாது?' என்பர் சிலர். இது சித்தாந்தம் போலத் தோன்றும், சித்தாந்தமன்று. திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தினர். அது அந்நிலத்தின் இயல்பு என்று விண்ணப்பித்தனர். பெருமான் அதனைக் கேட்டு வாளாவிருந்தாரல்லர். வினை இதுவென்று சொல்லிக்கொண்டே உய்யும் வழியை நாடாதிருத்தல் குறைபாடேயாம் என்னும் கருத்தமைய அவர் அருளிய திருநீலகண்டப் பதிகம் நாம் அறிந்ததே. வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு ஒருவன் தனக்குத் தானே கூறிக்கொள்ளத்தக்கது. பிறன் துன்பத்தைக் கண்டு வாளாவிருத்தற்கு எடுத்துக்கொள்ளும் போர்வையன்று. பிறர்க்கு நம்பால் உரியது அருள் ஒன்றே.

நோய்க்கு மருந்துண்ணல் பத்திக்கு மாறன்று என்பதையும் ஈண்டுச் சொல்லல் வேண்டும். திருவான்மியூரில் இறைவன் திருநாமமே மருந்தீசர். அகத்தியர்க்கு மருத்துவம் உணர்த்தினான் என்பது தலவரலாறு. மனமும் கரணங்களுள் ஒன்று, மாயேயமாகிய அந்தக்கரணம். கண் நோயுறுமாறு மனமும் நோயுறும். கண் நோய்க்கு மருத்துவரை நாடுவோர் மனநோய்க்கு நாணுவது என்னை? தாம்பரத்தார்க்கு ஒரு பழைய படிப்பினை உண்டு. 1928-ம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பார் ஈண்டுக் காசநோய்ச் சானடோரியம் ஒன்றை நிறுவினார். அக்காலத்துக் காசம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவும் குடும்பத்தார் அஞ்சினர், நோயாளியை மறைத்தனர். இன்றோ அச்சானடோரியம் இரயில் நிலையத்துக்குப் பெயராகி, நாடோறும் பல்லாயிரவர் நாவில் வழங்குகின்றது. மறைத்தற்குரியது என்று எண்ணப்பட்ட நோய், மருத்துவத்துக்குரிய நோய் என்று உணரப்பட்டது. மனநோய்க்கும் அம்மாற்றம் வருதல் வேண்டும்.

இத்துறையில் முன்னரே தொண்டு செய்வோரை அறிந்து அவரோடு சேர்தல் நலம். 1953-ம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சாட் வாரா என்னும் கிறித்தவ சமயகுரு, உயிர் வெறுத்தோர் எந்நேரமும் பேசுதற்கு ஒரு தொலைபேசி நிலையம் தொடங்கினார். சென்னையில் 1986-ம் ஆண்டு டாக்டர் இலட்சுமி விசயகுமார் 'ஸ்நேகா' என்னும் நிலையத்தை நிறுவினார். பயிற்சி பெற்ற தொண்டர்கள் கட்டணமின்றி, மறைபொருள் காத்து, வருந்துவோர் சொல்லைக் கேட்கின்றனர். அறிவுரை பொழிதல் அவர் முறையன்று. கேட்டலே அவர் தொண்டு. தேர்வில் தவறிய மாணவர் ஓராண்டை இழவாது சில வாரங்களிலேயே மீண்டும் எழுதுதற்கு வழி வேண்டும் என்று வாதாடியோருள்ளும் அந்நிலையத்தார் உளர். துணைத்தேர்வு முறை இன்று தமிழ்நாட்டில் நிலைபெற்றுள்ளது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் சென்னை, கொழும்பு முதலிய ஐந்து நகரங்களில் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. அதன் முடிவு 2008-ம் ஆண்டில் வெளிவந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறார்க்கு வழக்கமான மருத்துவம் மாத்திரம் அளித்தனர். மற்றைக் கூறார்க்கு அதனோடு ஒரு மணி அளவு விளக்கவுரையும், பதினெட்டுத் திங்களுள் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் உசாவுதலும் செய்தனர். பதினெட்டுத் திங்கள் கழிந்த பின் நோக்குழி, முன்னைக் கூறாருள் நூற்றுக்கு 2.2 பேரும், நலம் உசாவப்பட்டாருள் நூற்றுக்கு 0.2 பேருமே தற்கொலையால் மாண்டிருந்தனர். ஒன்பது முறை 'எப்படி இருக்கின்றீர்?' என்று கேட்டமையின் ஆற்றல் இது! மருணீக்கியார் உடனிருந்தமையின் உண்மையை மருத்துவ நூலும் ஒருவாறு கண்டுகொண்டது என்னலாம்.

கையினின்று கருவியை விலக்குதலும் அத்தகையதே. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பின்னர்த் தற்கொலை வீதம் 1995-ம் ஆண்டைய நிலையினின்றும் நூற்றுக்கு எழுபதளவு குறைந்தது. நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் வட்டாரச் சிற்றூர்களிலும் பூச்சிமருந்துகளை வீட்டில் வையாது பொதுவிடத்துப் பூட்டிவைக்கும் முறையை ஆராய்ந்து பார்த்தனர். இடைவெளி சிறிது உண்டாயினும் மயக்கம் தெளிய அது போதும் என்பதே இவற்றால் பெறப்படுவது.

சட்டமும் இன்று அச்சத்துக்கு இடமாக இல்லை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவு, உயிர் துறக்க முயன்றவரைக் கடுந்துயரில் உள்ளவராகவே கருதுக என்றும், அவரைப் பேணுதல் அரசின் கடன் என்றும் விதிக்கின்றது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையிலும், பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தும் பொருட்டுச் செய்வதொழிய, அம்முயற்சி குற்றமாகக் கூறப்பட்டிலது. ஆதலின் காவலர்க்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதிருத்தல் பிழை.

இனி நாம் செய்யத்தக்கன இவை.

ஒன்று: கேட்டல். உறக்கம் கெடுதல், உணவை வெறுத்தல், தோழரை விட்டு ஒதுங்கல், தான் பிறர்க்குச் சுமை என்று கூறல், விரும்பிய பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடல் ஆகிய குறிகள் கண்டவிடத்து, 'உயிரை விட்டுவிடும் எண்ணம் உண்டோ?' என்று அன்புடன் நேரே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாகாது. உள்ளிருப்பது வெளிவந்து பாரம் குறையும். கேட்டபின் தனியே விடலாகாது. மருத்துவரிடம் உடன் செல்லல் வேண்டும்.

இரண்டு: தேவார வகுப்பு, சித்தாந்த வகுப்பு, அன்னதானம் என்பன நடைபெறும் ஒவ்வோரிடத்தும் ஓதுவாருள்ளும் ஆசிரியருள்ளும் இருவரேனும் இப்பயிற்சி பெறுதல் வேண்டும். 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் நாள் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் மனநலத் தொலைபேசியின் எண் 14416. அதிற் கட்டணமின்றித் தமிழிற் பேசலாம். திருக்கோயில் வாயிலில் பூசைக்கால அட்டவணை எழுதும் பலகையில் அவ்வெண்ணையும் எழுதிவைத்தல் கூடும்.

மூன்று: தனித்து வாழும் மாணவர்க்குத் திருக்கோயில் உறவாதல் வேண்டும். உழவாரப் பணிக்கு அழைமின். பிரதோட நாளில் சுண்டல் பங்கிடும் வேலையைக் கொடுமின். பெயர் சொல்லி அழைப்பாரும், வாராத நாளில் ஏன் வரவில்லை என்று வினவுவாரும் ஓரிடத்து உளர் என்பதே பெரும் மருந்து.

நான்கு: இழப்பு நேர்ந்த வீட்டைக் கைவிடாமை. இதுவே மிக அரியது. நம்மவர் பெரிதும் தவறுமிடமும் இதுவே. மகனை இங்ஙனம் இழந்த தந்தை திருக்கோயிலுக்கு வந்தால் என் சொல்லுகின்றோம்? 'நற்கதி இல்லை' என்று சொல்லுவாரும், சடங்கு செய்ய வரத் தயங்குவாரும் உளர். சைவர்காள், இதனை நன்கு ஆராய்மின். தற்கொலையைப் பாவமென்று நூல்கள் கடிதல், அருளின் கொடையாகிய உடம்பின் அருமை உணர்த்தற்பொருட்டு, வாழ்பவரைக் காத்தற்பொருட்டு, இறந்தவர் வீட்டாரைச் சுடுதற்பொருட்டன்று. உயிரோ அநாதி நித்தம். அதனோடு இறைவன் கொண்ட தொடர்பும் அநாதி நித்தம். மறைத்தலும் அருளே, அழித்தலும் அருளே என்று ஐந்தொழிலையும் அருளாகக் கண்ட நாம், நோயின் மயக்கத்தால் வீழ்ந்த ஓரிளைஞன் உயிரை மட்டும் இறைவன் கைவிட்டான் என்று தீர்ப்புக் கூற யார்? அச்சுறுத்தும் சொல் இறந்தாரைச் சென்று சேராது. உயிரோடு கேட்டிருக்கும் மற்றோர் இளைஞனின் வாயை அடைக்கும். தன் எண்ணத்தை வெளியிட்டால் பாவி எனப்படுவோம் என்று அவன் மறைப்பான். மறைத்தவனைக் காத்தல் அரிது. ஆதலின் அவ்வீட்டிற்குச் செல்மின்; திருநீறு கொடுமின்; அவர் விரும்பின் திருமுறை ஓதுமின்; பதினாறாம் நாளோடு நில்லாது திங்கள்தோறும் செல்மின்.

ஆதீனத்து அடிகளார் திருமுன்னர் விண்ணப்பம் ஒன்று. மடங்கள் பள்ளிகளும் கல்லூரிகளும் நடத்துகின்றன. அங்குப் பயிலும் மாணவர் நலம் உசாவுதற்கு மனநலம் பயின்றார் ஒருவரை அமர்த்துதல், குருபூசைச் செலவில் ஒரு சிறு கூற்றால் இயலும். மயிலையில் பூம்பாவையை இழந்த சிவநேசர், மகளின் என்பையும் சாம்பரையும் குடத்திலிட்டுப் பேணியிருந்தனர். அக்குடத்தினின்றும் உயிர் மீட்கச் சம்பந்தப் பெருமானால் இயன்றது, நம்மால் இயலாது. ஆயின் குடத்துட் புகாமுன் காத்தல் நம்மால் இயலும். அதனை இத்திங்களே, நம் தெருவில், நாம் அறிந்த ஓரிளைஞரிடத்தில் தொடங்குவோமாக.

திருச்சிற்றம்பலம்